பஞ்சாயத்து அலமாரியில் ஒரு பல்லுயிர் பதிவேடு: அதைப் புதுப்பிப்பது என்றால் என்ன?

எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எந்தப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாலும், அலமாரிக்குள் 'ஜைவ வைவித்ய ரெஜிஸ்டர்' என்று அட்டையில் போட்ட ஒரு தடித்த புத்தகம் இருக்க வேண்டும். தமிழில் மக்கள் பல்லுயிர் பதிவேடு. ஆபீசில் பி.பி.ஆர். என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். உங்கள் ஊரில் என்னென்ன மரம், செடி, பயிர், மாடு, மீன், குளம், மண் இருக்கிறது, அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எது குறைந்துகொண்டே வருகிறது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அல்லது எழுதியிருக்க வேண்டும்.

2025 டிசம்பரில் தேர்தல் முடிந்து புது மெம்பர்கள் வந்திருக்கிறார்கள். இந்தப் பதிவேட்டைத் திருத்துகிறோம், இரண்டாம் பாகம் போடுகிறோம் என்று யாராவது நோட்டும் பேனாவுமாக உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால், அது என்ன, அவர்களிடம் என்ன சொல்லலாம், எதைச் சொல்லாமல் இருப்பது நல்லது என்று தெரிந்திருக்கட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது, அவர்கள் தாண்டிப் போகலாம்.

முதலில் அடிப்படை. 2002இல் நாடாளுமன்றம் பல்லுயிர்ச் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்தது. அதன் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும், அதைத்தான் பி.எம்.சி. என்கிறார்கள். இதற்கெல்லாம் மேலே தேசிய பல்லுயிர் ஆணையம் ஒன்று சென்னையில் இருக்கிறது, மாநிலத்துக்கு ஒரு வாரியம். கேரள வாரியம் 2005இல் வந்தது. பஞ்சாயத்துக் குழுவில் ஒரு தலைவரும் அதிகபட்சம் ஆறு நியமன உறுப்பினர்களும் என்பது 2004 விதிகள் வகுத்த அமைப்பு. மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினர் 18 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும் அந்த விதிகள் சொல்லின. கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவரே இதற்கும் தலைவர், பஞ்சாயத்துச் செயலாளரே செயலாளர். இந்தக் குழுவின் முதல் வேலையே, ஊர்க்காரர்களைக் கலந்து பேசி இந்தப் பதிவேட்டை எழுதுவதும் பராமரிப்பதும்தான். பராமரிப்பது என்று சட்டமே சொல்வதால், ஒருமுறை எழுதி அச்சடித்துவிட்டோம், கடமை முடிந்தது என்று குழு கையைக் கழுவ முடியாது.

யோசனை சட்டத்துக்கும் முந்தையது. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கிலும் அவரோடு வேலை செய்தவர்களும் 1990களிலேயே இப்படிப் பதிவேடு போடும் முறையை உருவாக்கினார்கள், எர்ணாகுளம் மாவட்டத்தில் மக்கள் திட்டம் (ஊர்த் திட்டங்களை ஊர்க்காரர்களே போடும் இயக்கம்) நடந்த காலத்திலேயே பல பஞ்சாயத்துகள் இதை முயன்று பார்த்தன. அப்புறம் சட்டம் வந்தும் நாடு முழுக்க வேலை நகராமல் கிடந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, 2020 ஜனவரி 31க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதத்துக்கு 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்ன பிறகுதான் எல்லா இடத்திலும் பரபரப்பு. கேரளத்தில் பல பஞ்சாயத்துகள் அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தன, அது பெருமைதான். ஆனால் முதலில் எழுதியவர்களின் பதிவேடுதான் இன்று அதிகம் பழசாகிக் கிடக்கிறது.

சரி, புதுப்பிப்பது என்றால் என்ன? ரேஷன் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகிப் போன பெண்ணின் பேரை எடுக்க வேண்டும், வந்த மருமகள் பேரைச் சேர்க்க வேண்டும், இறந்தவர் பேரை நீக்க வேண்டும். பழைய கார்டையே புது அட்டையில் எழுதிக்கொண்டு வந்தால் அதற்குப் பேர் புதுப்பித்தல் கிடையாது. பதிவேட்டில் நடக்கும் பெரிய தப்பு இதுதான் என்பது என் எண்ணம்: பழைய பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதி, கூட நாலு பட்டாம்பூச்சி பேரும் கலர் போட்டோவும் சேர்த்து இரண்டாம் பாகம் என்று வெளியிட்டுவிடுகிறார்கள். எது இருக்கிறது என்று எழுதுவது முதல் பாகத்தின் வேலை. எது மாறியது, எங்கே, ஏறத்தாழ எப்போதிலிருந்து, ஏன் என்று எழுதினால்தான் இரண்டாம் பாகம்.

மாற்றம் என்று பார்த்தால் நம் பக்கத்தில் எழுதப் பக்கம் போதாது.

கேரளம் என்றாலே மழையும் பச்சையும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மாநிலச் சராசரி சுமார் 3,000 மில்லிமீட்டர், நமக்கு அதில் பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். மலை மறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, கோயம்புத்தூர்ப் பக்கத்து வெயில். மண்ணும் வேறு, கேரளத்தில் கரிசல் மண் என்று சொல்லத் தக்கது நம் பஞ்சாயத்துகள் இருக்கும் இந்தச் சித்தூர் தாலுக்காவில்தான் இருக்கிறது. இந்த மண்ணில் நிலக்கடலையும் பருத்தியும் போட்டார்கள், மேனோன்பாறையில் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஓடிய காலத்தில் கரும்பு போட்டார்கள். ஆலை நின்றது, கரும்பும் நின்றது. இப்போது எங்கே பார்த்தாலும் தென்னை, காரணம் கள். சித்தூர்க் கள்தான் கேரளத்தில் பல மாவட்டத்துக் கடைகளுக்கும் வண்டி ஏறிப் போகிறது. ஒரு பஞ்சாயத்தின் பயிர்ப் படிவத்தில் 'நிலக்கடலை' என்று மட்டும் எழுதி டிக் அடித்திருந்தால் அதனால் என்ன பயன்? எந்தப் பகுதியில் போட்டார்கள், கொடிக்கடலையா கொத்துக்கடலையா, விதை இன்னும் யார் வீட்டிலாவது இருக்கிறதா, விட்டதற்குக் காரணம் மழையா, கூலியா, காட்டுப்பன்றியா என்று எழுதினால் அதை வைத்து விவசாய ஆபீசில் போய்ப் பேச முடியும்.

பூச்சிப் படிவத்துக்கு இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. தென்னை ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகச் சுருள் போட்டுப் படிந்து, கீழ் ஓலையெல்லாம் கரி பூசியது போல ஆகிறதே, அந்தச் சுருள் வெள்ளை ஈயை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது 2016இல், பக்கத்துப் பொள்ளாச்சியில். அதற்கு முன்னால் எழுதிய பதிவேட்டில் அது எப்படி இருக்கும்? ஆனால் இன்று தென்னந்தோப்பு வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதல் புகார் அதுதான். மயிலும் அப்படித்தான். முன்பெல்லாம் மயில் பார்க்க வேண்டுமென்றால் தேடிப் போக வேண்டும், இப்போது விதைத்த அன்றே வந்து நிற்கிறது. பழைய ஏட்டில் 'அரிது' என்று எழுதியிருந்தால் அதை அடித்துத் திருத்தத்தான் வேண்டும். மயில் பெருகுவதை வறட்சி கூடுவதன் அறிகுறியாகப் பார்க்கும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு என்பதால், இது வெறும் பறவைக் கணக்கோடு நிற்காது.

யாரைக் கேட்பது

தேசிய ஆணையம் கொடுத்த மாதிரியில் படிவங்கள் வரிசையாக இருக்கின்றன. பயிர், பழமரம், தீவனம், களை, பூச்சி, நிலம், நீர், மண், அங்கே வாழும் மக்கள் என்று. படிவம் பெரிசாக இருப்பதால் படித்தவர்கள் கையில்தான் கொடுப்பார்கள். கல்லூரித் தாவரவியல் ஆசிரியர், ஓய்வு பெற்ற பள்ளி மாஷ் (வாத்தியார்), விவசாய ஆபீசர் ஆகியோர் சேர்ந்த தொழில்நுட்ப உதவிக் குழு ஒன்றும் இருக்கும். அவர்கள் தேவை, லத்தீன் பேரை அவர்கள்தான் சரியாகப் போடுவார்கள். ஆனால் தகவல் அவர்களிடம் இல்லை. பனை ஏறுகிறவர், ஆடு மேய்க்கிற அம்மா, ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர், தொழிலுறப்பு வேலைக்குப் போய் எல்லா வரப்பையும் வாய்க்காலையும் கையால் தொட்ட பெண்கள் (தமிழ்நாட்டில் இவர்களை நூறு நாள் வேலைக்காரர்கள் என்பார்கள்), இரவாளர் பழங்குடிக் காலனியில் இருக்கும் பெரியவர்கள், இவர்களிடம்தான் இருக்கிறது. இவர்களில் பலரும் தமிழ் பேசுகிறவர்கள், கையில் கொடுக்கும் படிவமோ மலையாளத்தில் இருக்கும். 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்தில் மலையாளப் பேரோடு தமிழ்ப் பேரையும் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் பிறகு சரிபார்க்கும் கூட்டத்தில் வாசித்தால் அந்த ஆட்களுக்கே தாங்கள் சொன்னது என்று புரியும். இங்கே தமிழர்கள் அரசோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து வைத்துக்கொள்ள 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது, ஆகையால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். "உங்க ஊர்ல என்ன மரம் இருக்குதுங்க?" என்று கேட்டால் "எல்லாந்தான் இருக்குது கண்ணு" என்று பதில் வரும், அதோடு சர்வே முடிந்தது. அதையே ஆட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துகொண்டே, "முன்னாடி இந்த ஆடு எதைத் தின்னும்ங்க, இப்ப எதைத் தின்னுது?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அப்பெல்லாம் வேலியில கிளுவை இருக்கும். வெயில் காலத்துல தழை ஒடிச்சுப் போட்டாப் போதும். இப்ப எங்க சாமி, எல்லாரும் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிட்டாங்க. அந்தா அந்தப் பள்ளத்தோரம் மட்டும் ஒரு பத்தடி நிக்குது பாரு."

இந்த நாலு வரியில் என்னென்ன கிடைத்துவிட்டது பாருங்கள்: கிளுவை வேலி என்று ஒன்று இருந்தது, கோடைத் தீவனமாக இருந்தது, கம்பி வேலியால் போனது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது, எங்கே என்றும் தெரிகிறது. கிளுவையைப் போத்து வெட்டி நட்டாலே பிழைக்கும், ஆகவே அந்தப் பத்தடியை வைத்துக்கொண்டு பஞ்சாயத்து நாற்றங்காலில் என்ன செய்யலாம் என்று யோசிக்கலாம். படிவத்தில் 'கிளுவை – உண்டு' என்று ஒரு சொல்லோடு போனால் இதில் ஒன்றும் மிஞ்சாது.

பருவம் மாற்றிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஒரே வாரத்தில் சர்வே முடித்தால் காய்ந்த தரையைத்தான் எழுதுவீர்கள். மழைக்குப் பின்னால் முளைக்கிற கீரைகளும் மூலிகைகளும், தண்ணீர் நின்றால் மட்டும் வருகிற பறவைகளும் ஏட்டிலேயே ஏறாது. குறைந்தது வெயிலில் ஒருமுறை, துலாமாத (ஐப்பசி) மழைக்குப் பின்னால் ஒருமுறை.

இதில் ஒரு புதுத் தலைவலி வேறு. 2025 தேர்தலுக்கு முன்னால் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். பழைய பதிவேட்டில் '7ஆம் வார்டு, அரசமரத்துக் குளம்' என்று இருந்தால் இன்றைக்கு அது எந்த வார்டில் வரும் என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்படியே நம்பிப் போனால் குளம் காணாமல் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிடுவீர்கள். வார்டு எண்ணை நம்பாமல் சர்வே எண்ணையோ போனில் எடுக்கும் இடக் குறியையோ எழுதி வைப்பது நல்லது, அடுத்தமுறை வரைபடம் மாறினாலும் குளம் அங்கேயேதான் இருக்கும்.

தண்ணீர்ப் பக்கம்

நம் பஞ்சாயத்துகளில் பதிவேட்டின் உயிர் நீர்ப் படிவத்தில்தான் இருக்கிறது. சித்தூர் ஒன்றியம் கேரளத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிய ஒன்றியம் என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கில் பேர் வாங்கிய இடம். மேலே ஓடுகிற தண்ணீரோ பெரும்பகுதி பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 1970இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணைக்கட்டில் நமக்கு வந்து சேர வேண்டும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் எத்தனை நாள் வந்தது, எந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தக் கடைமடைக்குப் போகவில்லை என்பதை நீர்ப்பாசனத் துறையின் நோட்டில் ஒருவிதமாகவும் கடைமடைக்காரர் வாயில் வேறுவிதமாகவும் கேட்கலாம். இரண்டையும் பதிவேட்டில் எழுதலாம், தப்பில்லை.

கிணறுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். பழைய திறந்த கிணறு எத்தனை, அதில் கோடையில் தண்ணீர் இருப்பது எத்தனை, மூடியது எத்தனை, போர்வெல் எத்தனை, எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது, குடிக்க முடிகிறதா, பருப்பு வேகிறதா. கடைசிக் கேள்வியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். தண்ணீரில் உப்பும் கடினமும் கூடியதை முதலில் கண்டுபிடிப்பது அடுப்பங்கரைதான். பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடையில் கொக்கோ கோலா ஆலை 2000இல் தொடங்கிய பிறகு, கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னது மயிலம்மாவைப் போன்ற அந்த ஊர்ப் பெண்கள். 2003இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது, வழக்கு மட்டும் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வருஷக்கணக்கில் நீண்டது. ஆலைக்கு முன்னால் இந்தக் கிணற்றில் தண்ணீர் எப்படி இருந்தது என்று பஞ்சாயத்தின் கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தால் அப்படிப்பட்ட சண்டையில் அதற்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். 2023இல் கேரளம் பஞ்சாயத்து அளவில் தண்ணீர் பட்ஜெட் (எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு தேவை என்ற கணக்கு) போடத் தொடங்கியது. உங்கள் பஞ்சாயத்தில் அது போட்டிருந்தால் அதன் கணக்கையும் இதோடு ஒத்துப் பாருங்கள், ஒரே ஏரிக்கு இரண்டு ஏட்டில் இரண்டு பரப்பளவு இருந்தால் அதையும் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'டேட்டா பேங்க்' என்று எல்லாரும் பேசுவது இது இல்லை. அது 2008 நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பட்டியல், உங்கள் நிலத்தில் வீடு கட்டலாமா மண் கொட்டலாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். பல்லுயிர் பதிவேட்டில் பேர் வந்துவிட்டால் நிலம் போய்விடும் என்று பயந்து சிலர் சர்வேக்காரர்களை உள்ளேயே விடுவதில்லை. அப்படி எதுவும் ஆகாது. உங்கள் தோட்டத்தில் அரிய மரம் இருக்கிறது என்று எழுதுவதால் மரமும் மண்ணும் யாருக்கும் மாறிப்போவதில்லை.

சொல்லக் கூடாததும் உண்டு

பாம்புக்கடிக்கும் மஞ்சள்காமாலைக்கும் மருந்து கொடுக்கிற நாட்டு வைத்தியர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்களைப் பற்றி எழுதலாம், இன்னாருக்கு இன்ன அறிவு இருக்கிறது என்ற அளவில். எந்தச் செடி, எந்த அளவு, எதோடு அரைப்பது என்பதை அவர் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. அவர் சம்மதித்தாலும், ரகசியமாக வைக்கச் சொன்னால் அச்சில் வரக் கூடாது. இதை விளக்கிச் சொல்லாமலேயே பேச்சுவாக்கில் கறந்துகொள்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், மரியாதை இல்லாத வேலை அது. அரிய செடி நிற்கிற இடத்தைத் துல்லியமாகப் போட்டு அச்சடிப்பதும் பறிக்கிறவனுக்கு வழிகாட்டியாகவே முடியும்.

எல்லாம் எழுதிய பிறகு அதை வார்டு கிராம சபையில் வாசிக்க வேண்டும், குறை திருத்திக் குழு ஏற்க வேண்டும், பஞ்சாயத்து ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும், வாரியத்துக்குப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் களைத்துப் போய் வெளியீட்டு விழா, பொன்னாடை, போட்டோ என்று முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் வாசிக்கும் கூட்டம்தான் முக்கியம், "அந்தக் குட்டை தூந்து போய்ப் பல வருசமாச்சு, அதை எதுக்குங்க எழுதியிருக்கீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தால், பதிவேடு அன்றைக்குத்தான் உண்மையில் புதுப்பிக்கப்படுகிறது.

அப்புறம் அதை வைத்து என்ன செய்வது? ஆண்டுத் திட்டம் போடும்போது எந்த ஏரியைத் தூர் வாருவது, எந்த மரக்கன்று வைப்பது என்பதற்கு இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம். வணிகத்துக்காக உயிர்ப்பொருள் எடுத்துப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கக் குழுவுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது, அந்தப் பணம் உள்ளூர்ப் பல்லுயிர் நிதியில் சேர வேண்டும். 2023 திருத்தம் (2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது) மருத்துவக் கம்பெனிகளுக்கும் ஆயுர்வேதம், சித்தம் போன்ற ஆயுஷ் வைத்தியர்களுக்கும் சில சலுகைகள் கொடுத்தது, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் தோட்டத்தில் வளர்த்த மூலிகைதான் என்று சான்று கொடுக்கும் இடத்தில் உள்ளூர்க் குழுவைத்தான் நிறுத்தியிருக்கிறது. குழுவின் ஏடு சரியாக இல்லாவிட்டால் எதைப் பார்த்துச் சான்று கொடுப்பார்கள்?

பதிவேட்டைப் பார்க்க ஆசை என்றால் நேரே ஆபீசில் போய்க் கேளுங்கள். "செக்ரட்டரி லீவு, சாவி அவர்கிட்ட" என்றால் இன்னொரு நாள் போங்கள், அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போட்டு, பதிவேட்டின் நகலும், பல்லுயிர்க் குழுவில் யார் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடினார்கள் என்ற விவரமும் கேட்கலாம். வந்த நகலில் வைத்தியர்களின் மருந்து முறை இருக்கும் பக்கங்களை மட்டும் மறைத்திருந்தால் அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம், அது மறைக்க வேண்டியதுதான்.